அக்காவின் தாவரவியல் பக்கங்கள்

போர்வெல் போடும் ரிக் வண்டிகளுக்கும் கம்ப்ரசர்களுக்கும் கையேடு எழுதுவது என் தொழில். கம்பெனி பெங்களூரில் இருக்கிறது. நான் நாமக்கல்லில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறேன். என் கணவர் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். அவர் கட்டுவது சாலையில் ஓடும். நான் கட்டுவது கண்ணில் படாது. அதனால் உறவுக்காரர்கள் என்னிடம் "கம்ப்யூட்டர்ல என்ன சாமி பண்றே?" என்று கேட்டால் "புத்தகம் போடறேனுங்க" என்று சொல்லி முடித்துவிடுவேன்.

உண்மையில் நான் எழுதுவது எக்ஸ்.எம்.எல். என்ற வடிவத்தில். அதில் எழுத்து பெரிதா சிறிதா, பக்கம் எங்கே முடிகிறது என்பதெல்லாம் இருக்காது. இது தலைப்பு, இது படம், இது எச்சரிக்கை, இங்கிருந்து அந்தப் பகுதிக்கு ஒரு லிங்க் என்று ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு அடையாளம் மட்டும் போட்டு வைப்போம். எழுத்தின் அளவு, ஓரம், நிறம் எல்லாம் ஸ்டைல்ஷீட் என்ற தனிக் கோப்பில் இருக்கும். இரண்டையும் சேர்த்து ஓட்டினால் பி.டி.எஃப். வரும். வந்த பிறகுதான் கோளாறுகள் தெரியும். தலைப்பு ஒரு பக்கத்தின் அடியில் தனியாக நிற்கும், அதற்குரிய பாடம் அடுத்த பக்கத்தில் தொடங்கும். நீல நிறத்தில் லிங்க் இருக்கும், தொட்டால் அசையாது. என் வேலையில் எழுதுவது பாதி, இப்படி வந்ததை ஏன் வந்தது என்று தேடுவது மீதி.

இந்தத் தொழில் என் அக்காவுக்கு உதவும் என்று நான் நினைத்ததே இல்லை.

அக்கா மேல்நிலைப் பள்ளி தாவரவியல் ஆசிரியை. நாமக்கல்லுக்கு வெளியே ஒரு பெரிய உறைவிடப் பள்ளியில் தமிழ் வழிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறாள். வீடு மோகனூரில். மாமா அங்கே கரும்பும் வாழையும் போட்டிருக்கிறார். குழந்தை இல்லை. அதைப் பற்றி இரண்டு பேரும் வருத்தப்பட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அக்காவுக்குக் கல்லூரிக் காலத்திலிருந்தே மாலைக்கண் மாதிரி ஒரு தொந்தரவு இருந்தது. பொழுது சாய்ந்தால் படி தெரியாது. பிறகு பக்கவாட்டில் வருகிறவர்கள் தெரியாமல் போனார்கள். கோயமுத்தூரில் பார்த்த டாக்டர், விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது, நிறுத்த முடியாது, எவ்வளவு நாளில் என்று சொல்லவும் முடியாது என்றார். அன்றைக்குத் திரும்பி வரும்போது அக்கா காரில் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, வழியில் தெரிந்த மரங்களின் பெயரையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தவள், காப்பியை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"என்ற நோட்ஸைக் கொஞ்சம் பெரிய எழுத்துல போட்டுக் குடு சாமி. புத்தகத்துல எழுத்தெல்லாம் எறும்பு ஓடற மாதிரி இருக்குது."

"டேப்லெட்ல விரலை வெச்சு விரிச்சாப் பெருசாகுமேக்கா."

"பெருசாகுது. வரி பக்கத்துக்கு வெளிய போயிருது. தள்ளித் தள்ளிப் படிச்சு முடிக்கறதுக்குள்ள மணி அடிச்சர்றாங்க."

அவள் சொன்னது ஒரு கோளாறு. கோளாறுக்குத் தீர்வு என் கையில் இருந்தது. அவளுடைய பாடக் குறிப்புகள் முழுவதையும் எக்ஸ்.எம்.எல்.லில் போட்டுவிட்டால், எழுத்தின் அளவை ஸ்டைல்ஷீட்டில் ஒரே இடத்தில் மாற்றினால் போதும், பக்கங்கள் தாமாகப் புதிதாக அடுக்கிக்கொள்ளும். அன்றே ஆரம்பித்தேன். கம்பெனி வேலை முடிந்ததும் சாயங்காலங்களில் அவளுடைய குறிப்புகளைத் தட்டச்சு செய்தேன். நான் படித்தது வணிகவியல். சூல்பை, அல்லி வட்டம், மகரந்தத்தாள் என்று தட்டத் தட்ட, அக்கா தினமும் எந்த உலகத்தில் இருந்துவிட்டு வீட்டுக்கு வருகிறாள் என்று முதல்முறையாகத் தெரிந்தது.

முதல் பிரதி வந்தபோது எனக்கே பார்க்கச் சகிக்கவில்லை. ரிக் கையேட்டில் ஆங்கிலச் சொற்கள் சிறியவை, கட்டத்துக்குள் அடங்கிவிடும். தாவரவியல் தமிழில் ஒரு சொல்லே ஒரு வரி இருக்கும். ஒருவித்திலைத் தண்டுக்கும் இருவித்திலைத் தண்டுக்கும் உள்ள வேறுபாட்டு அட்டவணையில், இடது கட்டத்துச் சொல் வலது கட்டத்துக்குள் போய் அங்கே இருந்த சொல்லின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. சொற்களை எங்கே உடைக்கலாம் என்று அந்த மென்பொருளுக்குத் தெரியவில்லை. தமிழுக்கு அது விதியே வைத்திருக்கவில்லை. உடைக்கக்கூடிய இடங்களில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை நானே போட வேண்டியிருந்தது. அதைப் போட்டதும் சொற்கள் மடங்கி உட்கார்ந்தன. ஆனால் அட்டவணை நீண்டு பக்கத்தைத் தாண்டியது. தாண்டிய அட்டவணைக்கு அடுத்த பக்கத்தில் தலைப்பு வரிசை வரவில்லை. அதைச் சரிசெய்தால் படம் நகர்ந்துபோனது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மோகனூருக்குப் போவேன். அக்கா டேப்லெட்டை மூக்குக்கு அருகில் பிடித்துக்கொண்டு, முகத்தை இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்திப் படிப்பாள். நான் பக்கத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

"இந்தத் தலைப்பு அடியில தனியா நிக்குது பாரு."

"ஆமாங்க்கா. அதை அடுத்த பத்தியோட சேர்த்துக் கட்டோணும்."

"கட்டு. பாவம், தனியா நிக்குது."

அப்படி ஒவ்வொன்றாகக் கட்டினேன். மாமா வயலிலிருந்து வந்தால் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் இளநீர் வெட்டிக் கொண்டுவந்து வைப்பார். அந்த நாட்களில் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால், பார்வை எவ்வளவு சுருங்கினாலும் சமாளித்துவிடலாம் என்ற நம்பிக்கை. அவ்வப்போது அக்காவிடமிருந்து, "இன்னும் சித்த பெருசாக்கு சாமி" என்று குரல் செய்தி வரும். நான் எண்ணை மாற்றி ஓட்டுவேன். ஒவ்வொரு முறையும் பழைய கோளாறுகள் புதிய இடத்தில் வரும். பக்கத்துக்குச் சில வரிகள்தான் என்ற அளவுக்கு வந்துவிட்டோம். அப்போதும் அடுக்கு கெடாமல் கொடுத்தேன். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

பிறகு பெரிதாக்கச் சொல்லும் செய்திகள் நின்றன. அதற்குப் பதில் லிங்க் பற்றிய புகார்கள் வர ஆரம்பித்தன. "ரெண்டாம் பாடத்துல இருந்து படத்துக்குப் போற லிங்க் வேலை செய்யல", "பொருளடக்கத்துல தொட்டா முந்தின பக்கத்தோட கடைசிக்குப் போகுது" என்று. எனக்கு மகிழ்ச்சிதான். அடுக்கு சரியாகிவிட்டது, இனி லிங்க்தான் பாக்கி என்று எடுத்துக்கொண்டேன். செய்தியிலேயே வேலை முடிந்ததால் ஞாயிற்றுக்கிழமைப் பயணமும் நின்றிருந்தது. முந்தின பக்கத்துக்குப் போவதன் காரணத்தையும் கண்டுபிடித்தேன். தலைப்பைப் பத்தியோடு சேர்த்துக் கட்டினேன் அல்லவா, லிங்க் போய்ச் சேரும் அடையாளம் அந்தக் கட்டுக்கு வெளியே விடுபட்டு முந்தின பக்கத்திலேயே தங்கிவிட்டது. அடையாளத்தைத் தலைப்புக்குள் நகர்த்தினேன். சரியானது. அக்காவுக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலையில் கணவருக்குத் தோசை வார்த்துக்கொண்டிருக்கும்போது அவளுடைய பதில் வந்தது. "கெடச்சுது சாமி. ரொம்ப நல்லா இருக்குது. மூணாம் பாடத்துல மட்டும் ஒரு லிங்க் எங்கயும் போக மாட்டேங்குது. அவசரமில்ல."

மூன்றாம் பாடத்தைப் பார்க்கலாம் என்று நான் அனுப்பிய கோப்பையே திறந்தேன். திறந்ததும் அடுப்பை அணைத்துவிட்டேன். தவறான கோப்பு. சரிவராமல் ஒதுக்கி வைத்திருந்த ஒரு சோதனைப் பிரதி. அதில் பூவின் நீள்வெட்டுப் படம் ஒரு முழுப் பத்தியின் மேல் படுத்திருந்தது. வலது ஓரத்தில் எல்லா வரிகளும் வெட்டுப்பட்டிருந்தன. கறுப்பு எழுத்துக்கு மேல் கறுப்பு எழுத்து. அதைப் பார்த்த எவரும் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. தனியாக நின்ற ஒரு தலைப்புக்குப் பாவம் பார்த்தவள் என் அக்கா.

கணவர் வந்து, "ஏன், அடுப்பு நின்னுபோச்சா?" என்று கேட்டார். நான் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். அக்காவின் செய்தியைப் போட்டுக் காட்டினேன். அவர் இரண்டையும் பார்த்துவிட்டுச் சட்டையை மாட்டினார். பிறகு, "கெளம்பு. நான் கொண்டு போயி உடறேன்" என்றார்.

கணவர் என்னை இறக்கிவிட்டுப் பட்டறைக்குத் திரும்பினார். நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா பள்ளிக்குப் போயிருந்தாள். மாமா மட்டும் வீட்டில் இருந்தார். மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தவர், நான் வேலை நாளில் வந்ததைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். கையைக் கழுவிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"ஏனுங்க மாமா, அக்காவுக்கு இப்ப எழுத்துத் தெரியுதுங்களா?"

"இல்ல அம்மிணி."

"எப்பருந்துங்க?"

"பொங்கலுக்கு முன்னாலருந்தே இல்ல. வெளிச்சம் தெரியும். ஆள் நிக்கறது தெரியும். எழுத்து தெரியறதில்ல."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லீருக்கலாமுல்லங்க."

"சொல்லக் கூடாதுன்னுட்டா. அந்தப் புள்ள ஞாயித்துக்கெழமையெல்லாம் உட்டுப்போட்டு எழுத்தைப் பெருசு பண்ணிக்கிட்டுக் கெடக்கறா, இனிமே அது ஆகாதுன்னு எப்படிங்க சொல்றதுன்னு கேட்டா. எனக்கும் வாய் வரல."

அப்புறம் அவரே சொன்னார். தினமும் காலையில் பால் கறந்துவிட்டு வந்து, நான் அனுப்பிய பக்கங்களை அவர்தான் வாசித்துக் காட்டியிருக்கிறார். அந்த வாரத்துப் பாடத்தை அவர் வாசிக்க, அக்கா கேட்டு மனதில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்குப் போயிருக்கிறாள். அவர் பத்தாவது வரை படித்தவர். "அந்தப் பேரெல்லாம் நாக்குல சுத்திக்குது அம்மிணி. நான் தப்பாப் படிச்சாலும் அவ அதட்ட மாட்டா. சரியாச் சொல்லிக் குடுத்துட்டு, ம், மேல படிங்கம்பா" என்றார். எழுத்து பெரிதாக இருந்ததால் கண்ணாடி இல்லாமலே வாசிக்க முடிந்தது என்று எனக்கு ஆறுதலாக ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். கொஞ்ச நாளாக அவர் வாசிப்பதில்லையாம். போன் வாசிக்கிறதாம்.

நான் சாயங்காலம்வரை அங்கேயே இருந்தேன். பள்ளிப் பேருந்து வந்து நிற்கும் இடத்துக்கு மாமாவோடு போனேன். அக்கா இறங்கும்போது மாமா கையை நீட்டவில்லை, சும்மா தொண்டையைச் செருமினார். அந்தச் சத்தத்தை வைத்து அவள் அவர் பக்கம் திரும்பி நடந்து வந்தாள். எத்தனையோ முறை பார்த்த காட்சி. அவருக்குச் சளித் தொந்தரவு என்று நினைத்திருக்கிறேன்.

"ஆரு கூட வந்திருக்கறது?" என்றாள் அக்கா.

"நான்தானுங்க்கா."

அவள் நின்றாள். நான் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். நான் ஏன் வந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வீடு வரும்வரை மூன்று பேரும் கரும்புக்காட்டு ஓரமாக நடந்தோம். வீட்டுக்குள் போய் உட்கார்ந்ததும் அவள்தான் முதலில் பேசினாள்.

"எதுல கண்டுபுடிச்சே?"

"தப்பான ஃபைலை அனுப்பீட்டேனுங்க்கா. படம் எழுத்து மேல கெடந்துச்சு. நீ நல்லா இருக்குதுன்னே."

அக்கா சிரித்துவிட்டாள். "அடப் பாவமே. ஒரு வார்த்த அவரக் கூப்புட்டுப் பாருங்கன்னு சொல்லீருக்கோணும். சோம்பேறித்தனம்." சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று என் தலையில் கை வைத்தாள். "நீ பெருசாக்கிக் குடுக்கறப்பவெல்லாம் எனக்கு ஒரு தெம்பா இருந்துச்சு சாமி. படிக்க முடியாமப் போன பொறகும், இன்னும் ஒரு சுத்து பெருசாக்கினாத் தெரியுமோன்னு இருந்துச்சு. அதான் உடனே சொல்லல."

நான் அழுதேன். அவள் அழவில்லை. அவள் அழ வேண்டியதையெல்லாம் மாமாவிடம் அழுது முடித்திருப்பாள் போல. கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, "சரி, அழுது முடிச்சீன்னா வா, நீ அனுப்பற பக்கம் எப்படிப் பேசுதுன்னு கேளு" என்று போனை எடுத்தாள்.

நான் அனுப்பும் பி.டி.எஃப்.ஐ போன் வாசிப்பதை அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்டேன். திரையில் 'வேர்' என்று அழகாக இருக்கும் சொல்லை அது 'வர்' என்றது. 'செல்' அதன் வாயில் 'சல்' ஆயிற்று. 'கொடி' என்று வரும் இடத்தில் 'காடி' என்றது. சில வரிகள் எந்த மொழி என்றே தெரியவில்லை. மாமா வாசலில் நின்று, "நான் படிச்சதே தேவலாமாட்ட இருக்குது" என்றார். அக்கா இத்தனை நாள் இந்த உளறலிலிருந்து பாடத்தைப் பிரித்து எடுத்திருக்கிறாள். அவளுக்குப் பாடம் தெரியும் என்பதால் முடிந்திருக்கிறது.

"இதையும் கேளு" என்று லிங்குகளின் வரிசையைப் போட்டாள். போனில் அப்படி ஒரு வசதி இருக்கிறது, பக்கத்தில் உள்ள லிங்குகளை மட்டும் அடுத்தடுத்துச் சொல்லும். படத்தைக் காண 'இங்கே' தொடவும், விளக்கத்துக்கு 'இங்கே' தொடவும் என்றுதான் நான் எல்லா இடத்திலும் எழுதியிருந்தேன். போன் சொன்னது: "இங்கே. இங்கே. இங்கே. இங்கே."

"இங்கே இங்கேன்னு கூப்புடுதே ஒழிய, எங்கேன்னு சொல்ல மாட்டேங்குது" என்றாள் அக்கா.

அழுத கண்ணோடு நானும் சிரித்தேன். அன்றிலிருந்து வேலை வேறு வேலையாயிற்று.

எழுத்துக் கோளாறு முதலில். தமிழில் 'வே' என்று எழுதும்போது கொம்பு எழுத்துக்கு முன்னால் வரும், ஆனால் ஒலி எழுத்துக்குப் பின்னால் வருகிறது. என் மென்பொருள் பக்கத்தில் கொம்பை முன்னால் வரைந்ததோடு, உள்ளேயும் அதே வரிசையில் சேமித்துவிட்டது. பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் இல்லை. கேட்கிறவர்களுக்கு எழுத்தே கலைந்துபோகிறது. ஃபாண்டை மாற்றிப் பார்த்தேன், பாதி சரியானது. கம்பெனியில் என்னோடு வேலை செய்யும் ஒரு மலையாளத் தோழியிடம் கேட்டபோது, அவள் மொழியிலும் இதே சிக்கல் இருக்கிறது என்று சொல்லி, பி.டி.எஃப். செய்யும் நிரலையே மாற்றச் சொன்னாள். புதிய நிரலில், ஒவ்வொரு துண்டுக்கும் இது தலைப்பு, இது பத்தி என்ற அடையாளத்தை பி.டி.எஃப்.புக்குள்ளும் விட்டுவைக்க முடிந்தது. எக்ஸ்.எம்.எல்.லில் நான் முதலிலிருந்தே போட்டு வைத்த அடையாளங்கள் அவை. இதுவரை பக்கம் உருவானதும் தூக்கி எறியப்பட்டிருந்தன.

மாற்றி ஓட்டிய கோப்பை அனுப்பிவிட்டுப் போனில் கூப்பிட்டேன். அக்கா கோப்பை ஓடவிட்டாள். மறுமுனையில் அந்த இயந்திரக் குரல் நிதானமாக, "வேர், தண்டு, இலை, கொடி" என்று சொல்வது எனக்கும் கேட்டது. பின்னாலிருந்து மாமா, "அட, ஒழுங்காப் பேசுதே" என்றார்.

'இங்கே'க்களை எல்லாம் எடுத்துவிட்டு, லிங்க் எங்கே போகிறதோ அதன் பெயரையே லிங்காக வைத்தேன். அப்போதும் ஒன்று தப்பியது. அது வகுப்பில் வெளிப்பட்டது. ஒரு பெண் ஒருவித்திலைத் தண்டைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். அக்கா காதில் இயர்போனோடு அந்த லிங்கைத் தொட்டிருக்கிறாள். குரல், தண்டுக்குள் நீரும் உணவும் போகும் கற்றைகள் வளையமாக அமைந்துள்ளன என்றிருக்கிறது. வளையமாக இருப்பது இருவித்திலையில். ஒருவித்திலையில் அவை சிதறிக் கிடக்கும். அக்கா போனை நம்பாமல் தன் மனதை நம்பி பதில் சொல்லிவிட்டு, இடைவேளையில் என்னைக் கூப்பிட்டாள்.

"லிங்க் பக்கத்து ஊட்டுக்குப் போயிருச்சு சாமி."

தேடினால் தவறு என்னுடைய சோம்பலில் இருந்தது. இரண்டு பாடத்திலும் 'குறுக்குவெட்டு' என்று ஒரு பகுதி உண்டு. முதல் பாடத்திலிருந்து நகலெடுத்து இரண்டாவதை ஆரம்பித்தபோது, இரண்டுக்கும் ஒரே அடையாளப் பெயர் தங்கிவிட்டது. ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் லிங்க் முதலில் கண்ணில் படுகிறவரிடம் போய்விடும். பெயரைப் பிரித்தேன். அதே மாதிரி இன்னும் எங்கெல்லாம் இருக்கிறது என்று எல்லாப் பாடங்களையும் சலித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

கடைசியாகப் படங்கள் இருந்தன. படம் வரும் இடத்தில் போன் "படம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே போய்விடும். ஒவ்வொரு படத்துக்கும் அது என்ன என்று வார்த்தையில் எழுதி உள்ளே வைக்க வேண்டும். அதை நான் எழுத முடியாது. எனக்குப் பார்க்கத் தெரியும், எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாது. அதனால் அக்காவை வைத்துக்கொண்டு எழுதினோம். அவள் நினைவிலிருந்து சொல்லுவாள், நான் படத்தைப் பார்த்து ஒத்துப் பார்ப்பேன். அந்தப் படங்களை இனி பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தவள், அவற்றை ஓரத்தில் உள்ள கடைசிச் செல் வரைக்கும் விடாமல் சொன்னாள். நடுவில் ஓரிடத்தில் மட்டும் நிறுத்தி, "புல்லி வட்டம் அந்தப் படத்துல பச்சையா இருக்குதா, பழுப்பா?" என்று கேட்டாள். பச்சை என்றேன். "ஆமா, பச்சைதான்" என்றாள். சோதித்தாளா, மறந்துவிட்டாளா, தெரியாது.

ஒருவித்திலைத் தண்டின் படம் வந்தபோது, கற்றைகள் புள்ளிகளாகச் சிதறிக் கிடப்பதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தோம். மாமா கேட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு கரும்புத் துண்டு. நுனியைச் சரியாக வெட்டியிருந்தார். "இதுல இருக்கற புள்ளியத்தான சொல்றே?" என்று அக்காவின் கையில் கொடுத்தார். அக்கா வெட்டுமுகத்தில் விரல் நுனியை வைத்து மெல்ல ஓட்டினாள். நார் முனைகள் விரலில் தட்டுப்பட்டிருக்க வேண்டும். ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தாள்.

"இதேதானுங்க. ஓரத்துல நெருக்கமா இருக்குது, நடுவுல தள்ளித் தள்ளி இருக்குது."

"நான் வெட்டற கரும்புலயே உன்ற பாடம் இருந்திருக்குது" என்றார் மாமா.

"வெட்டின கரும்பின் முகத்தில் தெரியும் புள்ளிகளைப் போல" என்று எழுதிக்கொண்டேன். இப்போதும் அந்தப் படம் வந்தால் போன் அப்படித்தான் சொல்கிறது.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் முன்பு அக்கா தன் நிலைமையைப் பள்ளி முதல்வரிடம் சொல்ல முடிவு செய்தாள். அதுவரை அங்கே யாருக்கும் முழுதாகத் தெரியாது. நானும் கூடப் போனேன். முதல்வர் அம்மா நடுத்தர வயதுக்காரர், கறாரானவர் என்று பெயர். அக்கா சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"எனக்கு எழுத்து தெரியறதில்லீங்க மேடம். பாடம் எடுக்க முடியும். எடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். லேப் மட்டும் இனிமே நான் பாக்கறது சரியில்லீங்க. புள்ளைங்க கையில பிளேடு இருக்கும்."

அந்த அம்மா கையை நீட்டினார். டேப்லெட்டைக் கொடுக்கச் சொல்லி, ஒரு பாடத்தைத் தானே ஓடவிட்டுக் கேட்டார். எங்கோ ஒரு லிங்கைத் தொட்டார். அது சரியாகப் போக வேண்டுமே என்று நானும் எட்டிப் பார்த்தேன். போயிற்று.

"போர்டுல எழுதறதுக்கு என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"ஒரு புள்ளய எழுதச் சொல்லிக்குவேனுங்க. தப்பா எழுதினா மத்த புள்ளைங்க உடமாட்டாங்க."

முதல்வர் சிரித்தார். ஆய்வகத்தை வேறொருவருக்கு மாற்றினார்கள். வகுப்பைக் கீழ்த் தளத்துக்கு மாற்றிக் கொடுத்தார்கள். விடைத்தாள் திருத்துவதற்கு என்ன ஏற்பாடு என்பது இன்னும் முழுதாக முடிவாகவில்லை. அதை நினைத்து அக்காவுக்குக் கவலை உண்டு. சில நாட்களில் குரல் சோர்ந்து பேசுவாள். அந்த நாட்களில் நான் கோளாறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்பேன். இருந்தால் சொல்லுவாள். இல்லாவிட்டால் மழை பெய்ததா, உன்ற ஊட்டுக்காரர் பட்டறையில் வேலை எப்படி என்று வேறு ஏதாவது பேசிக்கொண்டிருப்போம்.

போன மாதம் ஒரு மதியம் கூப்பிட்டாள்.

"நம்ம பாடத்தை இங்க இருக்கற மத்த டீச்சருங்களும் கேக்கறாங்க சாமி. குடுக்கட்டுமா?"

"குடுங்க்கா. அதுல என்ன."

"குடுக்கறது இருக்கட்டும். பார்வைக்கு அது எப்படி இருக்குது? நீ எனக்குக் கேக்கறதுக்காகப் பண்ணினது."

திறந்து பார்த்தேன். ஒலியில் கவனமாக இருந்ததில் அடுக்கைக் கவனிக்கவே இல்லை. படங்கள் ஓரத்தில் ஒண்டியிருந்தன. ஒரு பக்கத்தில் பாதி வெற்றிடம். நிறைய தலைப்புகள் அடியில் தனியாக நின்றன. அப்படியே சொன்னேன்.

"அதை ஒழுங்கு பண்ணு. கண்ணு தெரியறவங்களும் படிக்கோணுமல்ல, பாவம்."

"சரீங்க்கா. பூவோட படம் மட்டும் எங்க வெக்கட்டும்? வலது பக்கமா, இல்ல மேலயா?"

வகுப்பறைச் சத்தம் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது.

"மேல வை. முழு அகலத்துக்கு. புள்ளைங்க மொதல்ல பூவைப் பாத்துட்டு அப்புறமா எழுத்துக்கு வரட்டும்" என்றாள். மணி அடித்தது. போனை வைத்துவிட்டாள்.

நான் படத்தை மேலே ஏற்றி, முழு அகலத்துக்கு விரித்து, ஓட்டினேன்.